நகரத்தை வெறும் நிறமும் வடிவமுமாக எடுப்பது எப்படி? சுவர், நிழல், கண்ணாடி

#1 மதில்மேல்பூனை

வணக்கம். கையில் இருப்பது ஏ.பி.எஸ்-சி சென்சார் (ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறியது) கேமரா, கூடவே 18–55 மி.மீ., 55–250 மி.மீ. என்று கேமராவோடு வரும் இரண்டு கிட் லென்ஸ். எடுக்க நினைப்பது சென்னைக் கட்டடங்களை. ஆனால் கட்டடமாகத் தெரியக்கூடாது, நாலைந்து நிறத் துண்டுகளாகத் தெரியவேண்டும். மூன்று சிக்கல்:

எப்படி எடுத்தாலும் கடைசியில் அது 'ஒரு கட்டடத்தின் படம்'தான்.

மஞ்சள், சிவப்புச் சுவர்கள் விவரமிழந்து திட்டுத் திட்டாக வெந்துபோகின்றன. ஹிஸ்டோகிராம் (வெளிச்சப் பரவல் வரைபடம்) சரி என்றே காட்டுகிறது.

ஓ.எம்.ஆர் சாலைப் பக்கக் கண்ணாடிக் கட்டடங்களுக்குப் போலரைசர் (எதிரொளியைத் தணிக்கும் ஃபில்டர்) போட்டால் கண்ணாடியில் சிறுத்தைத் தோல் மாதிரி புள்ளிகள் வருகின்றன. ஃபில்டர் பழுதா?

#2 நிழல்கணக்கு

முதல் கேள்விக்கு மட்டும் இப்போது. மற்றவற்றுக்கு ஆட்கள் வருவார்கள்.

ஒரு படத்தைக் கட்டடம் என்று கண்டுபிடிக்கக் கண்ணுக்குப் பெரிய தடயம் எதுவும் தேவையில்லை. தரை ஒரு கீற்று தெரிந்தால் போதும். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி, ஏ.சி. அவுட்டோர் யூனிட், கேபிள் வயர், கதவுக் கைப்பிடி இவையெல்லாம் அளவைக் காட்டிக்கொடுக்கும் சாமான்கள். ஒன்று இருந்தாலும் சுவர் எவ்வளவு உயரம், நாம் எவ்வளவு தூரம் என்று மூளை கணக்குப் போட்டுவிடும். எழுத்து இவை எல்லாவற்றையும்விட மோசம். 'வாடகைக்கு' என்று மூலையில் இருந்தால் பார்ப்பவர் நிறத்தை விட்டுவிட்டுப் படிக்க ஆரம்பித்துவிடுவார். எழுத்து வேண்டும் என்றால் படிக்கமுடியாத அளவுக்கு வெட்டுங்கள். சுவர் விளம்பரத்தில் ஒரு 'ழ'வின் சுழி மட்டும் படச்சட்டத்துக்குள் இருந்தால் அது வெறும் வளைவு.

இரண்டாவது தடயம், குவியும் கோடுகள். கீழிருந்து அண்ணாந்து எடுத்தால் செங்குத்துக் கோடுகள் மேலே போகப்போக நெருங்கும், உயரம் தெரிந்துவிடும். கோடுகள் சட்டத்தின் விளிம்போடு இணையாக ஓடினால் ஆழம் செத்துப்போகும். இந்த வகைப் படத்துக்கு அந்தச் சாவுதான் தேவை.

சோதனை ஒன்று: எடுத்த படத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள். அப்போதும் நின்றால் வடிவமும் நிறமும் தாங்குகின்றன. திருப்பியதும் சப்பென்று போனால், இதுவரை தாங்கியது 'இது இன்ன கட்டடம்' என்ற தகவல்தான்.

#3 மதில்மேல்பூனை

நன்றி சார். அப்படியென்றால் 250-க்கு மேல் நீள லென்ஸ் வாங்கினால்தான் தட்டையாக வருமா?

#4 கோணல்சுவர்

வாங்காதீர்கள். தட்டையாக்குவது லென்ஸ் அல்ல, தூரம். அகல லென்ஸில் அதே இடத்தில் நின்று எடுத்து நடுப்பகுதியை மட்டும் வெட்டினாலும் அதே தட்டை வரும், பிக்சல்தான் போகும். நீள லென்ஸ் தூரத்தில் நிற்க வசதி செய்து கொடுக்கிறது, அவ்வளவுதான். 55–250 தாராளம்.

நான் சொல்லும் வரிசை இது. சுவருக்கு நேர் எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம், முடிந்தால் எதிர்க் கட்டடத்தின் இரண்டாவது அல்லது மூன்றாவது மாடிக்குப் போங்கள். எடுக்கப்போகும் பகுதியின் நடு உயரத்துக்குக் கேமரா வந்துவிட்டால் அண்ணாந்து பார்க்கும் கோணமே இருக்காது. கேமராவின் மின்னணு நீர்மட்டம், கட்டக் கோடுகள் இரண்டையும் போடுங்கள். முதலில் கிடைக்கோடுகளைப் பாருங்கள். சன்ஷேடு விளிம்பு வலப்பக்கம் இறங்கினால் நீங்கள் சுவருக்கு நேராக இல்லை, பக்கவாட்டில் நகரவேண்டும். அங்கே பலர் கேமராவைத் திருகிச் சரிசெய்கிறார்கள். அது ஒரு கோட்டை நேராக்கி இன்னொன்றைக் கோணலாக்கும். காலை நகர்த்துங்கள், கையை அல்ல.

மென்பொருளில் செங்குத்தைச் சரிசெய்யவேண்டி வரும் என்று தெரிந்தால் நாலு பக்கமும் சுமார் 10–15 சதவீதம் கூடுதலாக விட்டு எடுங்கள். திருத்தும்போது ஓரங்கள் வெட்டுப்படும்.

ஃபோகஸ் ஆழம்: ஏ.பி.எஸ்-சி, 200 மி.மீ., 30 மீட்டர் தூரம், எஃப் 8 (லென்ஸ் துளையின் அளவு) என்றால் சுமார் 27 மீட்டரிலிருந்து 34 மீட்டர் வரை கூர்மை. எஃப் 11-இல் 26-லிருந்து 36 வரை. முன்னால் ஒரு மஞ்சள் சுவர், பின்னால் ஒரு நீலச் சுவர், இரண்டும் ஒரே தளத்தில் ஒட்டினமாதிரி தெரியவேண்டும் என்றால் இரண்டும் சம அளவு கூர்மையாக இருந்தாகவேண்டும். பின்சுவர் கொஞ்சம் மங்கினாலும் 'இது பின்னால் இருக்கிறது' என்று சொல்லிவிடும். பொக்கே, அதாவது பின்னணி மங்கல், இந்த வகைக்கு எதிரி. எஃப் 16-க்குப் போனால் ஒளி விளிம்பில் வளைவதால் (டிஃப்ராக்ஷன்) மொத்தமும் கூர்மை குறைந்துவிடும், வேண்டாம்.

நேர் வெயிலில் ஐ.எஸ்.ஓ 100, எஃப் 8, 1/400 நொடி என்பது தொடக்கக் கணக்கு. 200 மி.மீ.-இல் கையில் பிடிக்க அது போதும்.

#5 நிழல்கணக்கு

தூரம் பற்றி கோணல்சுவர் சொன்னதற்கு ஒரு அடிக்குறிப்பு. சித்திரை, வைகாசி நண்பகலில் தார்ச்சாலைக்கோ தகரக் கூரைக்கோ மேலாக 200 மி.மீ. நீட்டினால் கானல் அலை சுவரின் விளிம்பை அரித்துவிடும். ஃபோகஸ் தவறு மாதிரியே இருக்கும், ட்ரைபாட் வைத்தாலும் போகாது. காலை 8 மணிக்குள் எடுங்கள், இல்லாவிட்டால் கிட்டே போங்கள். வேறு மருந்து இல்லை.

இனி வெயில். இதில் இரண்டு தனித் தேவைகளைப் பலர் ஒன்றாகக் குழப்புகிறார்கள். நிறம் தட்டையாக, காகிதம் ஒட்டினமாதிரி வேண்டும் என்றால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால், தாழ்வாக இருக்கவேண்டும். நிழல் கூராக வெட்டி விழவேண்டும் என்றால் வெயில் சுவரை உரசிக்கொண்டு வரவேண்டும். உரசும் வெயிலில் பூச்சுவேலையின் கரணைத் தடம், மேடுபள்ளம் எல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். அப்போது அது சுவர்தான், நிறம் அல்ல.

தட்டை நிறத்துக்குக் கிழக்குப் பார்த்த சுவர். பங்குனி மாதத்தில் சென்னையில் சூரியன் மணிக்குச் சுமார் 14–15 டிகிரி ஏறும். உதயத்திலிருந்து முதல் அரை மணி ஒளி செம்பாக இருக்கும், வெள்ளை மஞ்சளாகும், நீலம் சேறாகும். ஒரு மணி நேரத்துக்குப் பின், இரண்டு மணி நேரத்துக்குள் என்பதுதான் நல்ல இடைவெளி.

நிழல் வடிவத்துக்கு நண்பகல். இங்கேதான் சென்னைக்காரர்களுக்கு ஒரு வசதி. 13 டிகிரி வடக்கு அட்சரேகை என்பதால் ஆண்டில் இரண்டு முறை, ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஒட்டி, சூரியன் நேர் உச்சிக்கு வரும். உச்சி வேளை சரியாக 12 மணி அல்ல, ஏப்ரலில் 12.07 அளவில், ஆகஸ்டில் 12.13 அளவில். இந்த இரண்டு தேதிக்கும் நடுவே நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். அப்போது வடக்குச் சுவருக்கு வெயில், தெற்குச் சுவருக்கு நிழல். டிசம்பரில் தலைகீழ்.

ஜூன் கடைசியில் நண்பகல் சூரியன் உச்சியிலிருந்து 10 டிகிரிதான் வடக்கே இருக்கும். வடக்குச் சுவரில் 2 அடி சன்ஷேடு இருந்தால் அதன் நிழல் கீழே சுமார் 11 அடி இறங்கும், ஒரு மாடி முழுக்க முழுகிவிடும். ஆனால் சுவரில் 10 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பட்டியின் நிழல் 54 செ.மீ. நீளத்துக்குக் கத்தியால் வெட்டினமாதிரி விழும். ஆகவே ஜூனில் சன்ஷேடு இல்லாத, மெல்லிய பட்டி உள்ள சுவரைத் தேடுங்கள். டிசம்பரில் தெற்குச் சுவரில் நண்பகல் சூரியன் 53 டிகிரி உயரத்தில் இருக்கும். அதே 2 அடி சன்ஷேடின் நிழல் இரண்டே முக்கால் அடி மட்டும். சுவரில் பாதி வெயில், பாதி நிழல். கிடைப்பதில் அழகான பங்கீடு அதுதான்.

#6 புளோக்நம்பர்

சிங்கப்பூரிலிருந்து. இங்கே உச்சி வேளை பகல் 1.05 ஒட்டி வரும், கடிகாரத்தின் 12-ஐ நம்பி வராதீர்கள். 1.3 டிகிரி அட்சரேகை என்பதால் ஆண்டில் ஏறக்குறையப் பாதி வடக்குச் சுவருக்கு, பாதி தெற்குச் சுவருக்கு.

வீவக (அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு) புளோக்குகளுக்கு எதிரே பலமாடி வாகன நிறுத்தகத்தின் மேல்தளம் பெரும்பாலும் இருக்கும். கோணல்சுவர் சொன்ன 'நடு உயரம்' அங்கே இலவசம். துணி காயப்போடும் மூங்கில் கழிகளைத் தவிர்க்காதீர்கள் என்பது என் கட்சி. சாம்பல் சுவரில் ஒரு சிவப்புத் துண்டு போதும். நாலு நிறத்தில் நின்ற ரோச்சோர் சென்டரை எல்லோரும் எடுத்தார்கள். இடித்துவிட்டார்கள். புளோக்குகளுக்கு அவ்வப்போது புதுச் சாயம் பூசுவார்கள், பார்த்த நிறம் அடுத்த முறை இருக்காது. பார்த்த அன்றே எடுங்கள்.

#7 மைத்தொட்டி

இரண்டாவது கேள்வி, வெந்துபோகும் மஞ்சள். அச்சுப்பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

நீங்கள் பார்ப்பது வெள்ளை நிற ஒற்றை ஹிஸ்டோகிராமாக இருக்கும். அது சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சேனலின் கலவை, பச்சைக்குத்தான் அதிக எடை. சிவப்புச் சுவர் சட்டத்தை நிறைத்தால் சிவப்பு சேனல் வரைபடத்தின் வலது ஓரத்தில் மோதி நிற்கும், கலவை வரைபடம் நடுவில் நிம்மதியாக இருக்கும். மெனுவில் ஆர்.ஜி.பி ஹிஸ்டோகிராமை இயக்குங்கள். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சளுக்கு மூன்றில் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதி) குறைத்துத் தொடங்குங்கள்.

இதில் ஒரு பொறி உண்டு. ரா (சென்சாரின் பதப்படுத்தாத கோப்பு) எடுத்தாலும் கேமரா காட்டும் வரைபடம் ஜே.பெக் முன்னோட்டத்துடையது. 'விவிட்' ஸ்டைல் போட்டிருந்தால் உண்மையில் வெந்துபோகாததையும் வெந்துபோனதாகக் காட்டும். நியூட்ரல் போடுங்கள். ஆட்டோ வெள்ளைச் சமநிலையும் வேண்டாம். சட்டம் முழுக்க மஞ்சள் இருந்தால் அதை ஒளியின் குற்றம் என்று நினைத்து நீலத்தை ஏற்றிவிடும். 5200 கெல்வினில் பூட்டுங்கள். அப்போதுதான் வெள்ளைச் சுவரில் விழுந்த நிழல் உண்மையாக நீலமாக வரும். அந்த நிழலுக்கு ஒளி தருவது வானம், நீலம் நியாயமானது.

அடுத்து, ரா கோப்பில் ஒழுங்காக இருந்த மஞ்சள் இணையத்தில் ஏற்றியதும் திட்டாவது வேறு நோய். பெரிய நிறவெளியில் வேலைசெய்து, இணையத்துக்கான சிறிய நிறவெளியான எஸ்.ஆர்.ஜி.பி-க்கு மாற்றும்போது, வெளியே நிற்கும் பத்து விதமான மஞ்சளும் விளிம்பில் ஒரே மஞ்சளாக நசுங்குகின்றன. 16 பிட்டில் வேலை செய்து, மாற்றுவதற்கு முன் சாஃப்ட் ப்ரூஃப் (மாற்றினால் எப்படி வரும் என்ற முன்பார்வை) போட்டு, எச்சரிக்கை காட்டும் நிறத்தின் செறிவை மட்டும் 10–15 குறையுங்கள். மொத்தப் படத்தின் செறிவையும் குறைக்காதீர்கள்.

அச்சுக்கு மேட் காகிதம் கேட்காதீர்கள். கறுப்பு சாம்பலாகும், செறிந்த நிறம் இறங்கும். லஸ்டர் (அரைப் பளபளப்புக் காகிதம்) நல்லது. 24 மெகாபிக்சல் கோப்பு 300 டி.பி.ஐ-யில் 20 அங்குல அகலம் வரும்.

#8 ஷட்டர்திருடன்

இவ்வளவு எதற்கு? செறிவு ஸ்லைடரை +40 தள்ளினால் எந்தச் சுவரும் அப்ஸ்ட்ராக்ட்தான் :)

#9 மைத்தொட்டி

தள்ளிப் பாருங்கள். நிழலுக்குள் இருக்கும் நீலமும் அழுக்குப் பச்சையும் கூடவே ஏறும். இரண்டு நிறம் இருந்த படத்தில் ஐந்து நிறம் வந்து சண்டை போடும். செறிவு வேண்டும் என்றால் வெளிச்சத்தைக் குறைத்து எடுங்கள். அரை ஸ்டாப் குறைந்த வெயில் சுவர் தானாகவே அடர்த்தியாகத் தெரியும். ஸ்லைடு ஃபிலிம் காலத்தில் ஸ்லைடர் ஏது? கொஞ்சம் குறைத்து எடுத்துத்தான் அடர்த்தி கொண்டுவந்தார்கள்.

மழை விட்ட அரை மணியும் அப்படித்தான். ஈரச் சுவர் ஒளியைச் சிதறடிப்பது குறைவு, நிறம் ஆழமாகும். சுண்ணாம்பு, டிஸ்டெம்பர் சுவர்களில் வேறுபாடு கண்கூடு. எமல்ஷனில் குறைவு.

#10 கோணல்சுவர்

ஷட்டர்திருடன் கிண்டலாகச் சொன்னாலும் ஒரு விஷயம் இருக்கிறது. எல்லாத் தடயத்தையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது பெயின்ட் கடை ஷேட் கார்டு. நிழல்கணக்கு சார் கோபிக்கக்கூடாது, தடயம் ஒன்றை விடவேண்டும் என்பது என் கருத்து. இத்தாலியில் மொடெனாவில் 1933-இல் பிறந்த ஃபிராங்கோ ஃபோன்தானாவின் நகரப் படங்களைப் பாருங்கள். பெரிய நிறத் தளங்கள், சுத்தமான வெட்டு, ஆனால் எங்கோ ஒரு ஜன்னல் அல்லது ஒரு நிழல். பார்ப்பவருக்கு ஒரு கணம் கழித்து 'அட, சுவர்' என்று தட்டும். அந்தத் தாமதத்தில்தான் ருசி.

#11 நிழல்கணக்கு

கோபம் இல்லை. ஆனால் தொடங்குபவர் முதலில் எல்லாவற்றையும் எடுக்கக் கற்கட்டும். விடுவதற்கு எது தகுதி என்பது அப்போதுதான் தெரியும். தடயம் விடுவதென்றால் ஒன்றே ஒன்று, அதுவும் ஓரத்தில், சட்டத்தின் நூறில் ஒரு பங்குக்கு மேல் போகாமல். இரண்டு ஜன்னல் வந்தால் மறுபடி வீடு.

நியூயார்க் புகைப்படக்காரர் சால் லைட்டரை இந்த வரிசையில் சேர்ப்பவர்கள் உண்டு. அது வேறு வழி. ஆவி படிந்த கண்ணாடி, மங்கல், மறைப்பு. அங்கே ஆழம் சாகவில்லை, மூடியிருக்கிறது. #4-இல் பொக்கே எதிரி என்றது அவருக்குப் பொருந்தாது.

#12 முப்பட்டகம்

மூன்றாவது கேள்வி இன்னும் யாரும் தொடவில்லை. ஃபில்டர் பழுதில்லை. அந்தக் கண்ணாடி டஃபன்ட், அதாவது சூடாக்கி உறுதியாக்கியது. 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, வரிசையான காற்றுக் குழல்களால் சட்டென்று குளிர்விப்பார்கள். காற்று பட்ட இடத்துக்கும் படாத இடத்துக்கும் உள்ளழுத்தம் வேறு. துருவப்பட்ட (ஒரே திசையில் அதிரும்) ஒளியில் அந்த அழுத்த வேறுபாடு புள்ளிகளாகத் தெரியும். காரின் பின் கண்ணாடியிலும் இதேதான். நீல வானத்தில் சூரியனிலிருந்து 90 டிகிரி விலகிய பட்டையின் ஒளி பெரிதும் துருவப்பட்டது. அது கண்ணாடியில் எதிரொளிக்கும்போது புள்ளி எடுப்பாக வரும். போலரைசரைக் கழற்றுங்கள், அல்லது எதிரொளிக்கும் வானப் பகுதி மாறும்படி நகருங்கள். மேகம் மூடிய நாளில் வெகுவாகக் குறையும்.

போலரைசர் எங்கே பயன்படும் என்றால், கண்ணாடிப் பரப்போடு சுமார் 35 டிகிரி சாய்வில் பார்க்கும்போது. நேர் எதிரே நின்றால் ஒன்றும் செய்யாது, ஒன்றரை ஸ்டாப் ஒளியைத் தின்பதோடு சரி. உலோகப் பூச்சுள்ள கண்ணாடியில் பாதி வேலைதான் செய்யும். எனாமல் பூசிய கதவு, இரும்பு கேட் இவற்றின் பளபளப்பைத் தணித்து அடி நிறத்தை எடுக்கத்தான் அது உண்மையில் உதவும். சுண்ணாம்புச் சுவருக்கு ஏறக்குறைய வீண்.

அதே டஃபன்ட் கண்ணாடியில் இன்னொன்று நமக்குச் சாதகம். உருளைகள்மேல் போய்வருவதால் பரப்பில் மெல்லிய அலை இருக்கும். எதிர்க் கட்டடத்தின் எதிரொளி பலகைக்குப் பலகை வேறாக நெளியும். பலகை இணைப்பில் ஆரஞ்சுப் பட்டை அறுபட்டு ஒரு சாண் தள்ளித் தொடங்கும். ஒரு அடி நகர்ந்தால் மொத்தக் கோலமும் மாறும். ஃபோகஸைக் கண்ணாடிச் சட்டத்தில் வைக்காமல் எதிரொளியில் வையுங்கள். எதிரொளியின் தூரம், கண்ணாடி வரை உள்ள தூரமும் அங்கிருந்து எதிர்க் கட்டடம் வரை உள்ள தூரமும் சேர்ந்தது. இரண்டும் கூர்மையாக வேண்டுமென்றால் எஃப் 11, 100 மி.மீ.-க்குக் கீழே.

#13 ஷட்டர்திருடன்

சரி, ஒழுங்காகவே எழுதுகிறேன். பெயருக்கு ஏற்றபடி கடை ஷட்டர்கள். பாரிமுனைத் தெருக்களில் ஞாயிறு காலை பெரும்பாலும் இறக்கிக் கிடக்கும். எனாமல் நீலம், பச்சை, துரு, ஒட்டிக் கிழித்த போஸ்டரின் மிச்சம். குறுக்கு வரிகள் ஒவ்வொன்றும் தன் நிழலோடு இருக்கும். தூரத்திலிருந்து எடுத்தால் வரிகளின்மேல் வானவில் அலை ஓடும், மோயிரே. கேமரா திரையில் சிறிதாகப் பார்த்தாலும் வரும், அது பொய். 100 சதவீதத்தில் பெரிதாக்கியும் இருந்தால்தான் மெய். இரண்டு அடி முன்னே பின்னே போங்கள், அல்லது குவியத் தூரத்தை மாற்றுங்கள். துளையிட்ட அலுமினியத் தகட்டு முகப்புகளுக்கும் இதே வைத்தியம்.

மாலையில் எல்.இ.டி போர்டு எடுக்கிறவர்களுக்கு: படத்தில் கருப்புப் பட்டை ஓடினால் ஷட்டரை 1/100 அல்லது 1/50-க்கு இறக்குங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். திரைவகை போர்டுகளுக்கு அது போதாது, 1/25 வரை போய்ப் பாருங்கள்.

#14 காட்டன்பேட்டை

கேமரா இல்லை, போன்தான். இதெல்லாம் போனில் நடக்குமா அண்ணா?

#15 கோணல்சுவர்

தாராளமாக. போனில் ஒரே தொல்லை தானியங்கி எச்.டி.ஆர். வெட்டிய கறுப்பு நிழலை 'காப்பாற்றி' சாம்பலாக்கிவிடும். படத்தின் எலும்பே அந்தக் கறுப்புத்தான். ப்ரோ மோடில் ரா எடுங்கள், திரையைத் தொட்டுப் பிடித்து வெளிச்சத்தை ஒரு ஸ்டாப் இறக்கிப் பூட்டுங்கள். 2 அல்லது 3 மடங்கு லென்ஸ் இருந்தால் அது. வெளிச்சம் குறைந்தால் பல போன்கள் சொல்லாமல் முதன்மைக் கேமராவுக்கு மாறி வெட்டிக் கொடுக்கும். லென்ஸை விரலால் மூடிப் பாருங்கள், திரை இருண்டால் அந்த லென்ஸ்தான் வேலை செய்கிறது.

#16 முப்பட்டகம்

கேமராவை அசைத்து எடுக்கும் முறையை ஒருவரும் சொல்லவில்லையே? நேர் வெயிலில் ஐ.எஸ்.ஓ 100, எஃப் 16 என்றால் 1/100 கிடைக்கும். ஐந்து ஸ்டாப் என்.டி (ஒளியைக் குறைக்கும் ஃபில்டர்) போட்டால் 1/3 வரும். ஷட்டர் திறக்கும் முன்பே கையை அசைக்கத் தொடங்கி, மூடிய பிறகும் நிறுத்தாமல் மேலிருந்து கீழே இழுங்கள். நடுவில் தொடங்கினால் கோட்டின் முனையில் கொக்கி விழும்.

#17 நிழல்கணக்கு

செய்யலாம். ஆனால் அதில் எந்த நகரமும் ஒரே நகரம்தான். சென்னைக் கண்ணகி நகர் சுவரோவியங்களை நேர் எதிரே நின்று எடுத்து அப்ஸ்ட்ராக்ட் என்று போடுவதும் எனக்கு ஒப்புவதில்லை. அது ஓவியரின் வேலை, நாம் நகலெடுக்கிறோம். ஓவியத்தின் ஒரு விளிம்பும், பக்கத்துச் சுவரும், ஒரு நிழலும் சேர்ந்து மூன்றாவது ஒன்றாக மாறினால் சரி.

ட்ரைபாட் விரித்தால் காவலாளி வருவார். இந்த வெளிச்சத்துக்கு அது தேவையும் இல்லை. தனியார் கட்டடத்தின் மாடிக்குக் கேட்டுவிட்டு ஏறுங்கள். துறைமுகம், கடற்படை வளாகம் பக்கம் லென்ஸை நீட்டவே வேண்டாம்.

#18 மதில்மேல்பூனை

எல்லோருக்கும் நன்றி. ஒரு படம் இணைத்திருக்கிறேன். கிழக்குச் சுவர், காலை 7.40, 180 மி.மீ., எஃப் 8, 1/320, −2/3 ஸ்டாப். இடப்பக்கம் காவி மஞ்சள், வலப்பக்கம் வெள்ளை, நடுவில் சாய்ந்த நிழல். தலைகீழாகத் திருப்பியும் பார்த்தேன், நிற்கிறது. குறை சொல்லுங்கள்.

#19 கோணல்சுவர்

நிறம் நன்று, வெந்துபோகவில்லை. மஞ்சளும் வெள்ளையும் சந்திக்கும் கோடு மேலே போகப்போக ஒரு மயிரிழை வலப்பக்கம் சாய்கிறது, 0.4 டிகிரி திருப்பினால் போதும். நிழலின் கீழ்முனை சரியாகச் சட்டத்தின் மூலையில் போய்க் குத்துகிறது; கண் அங்கே மாட்டிக்கொள்கிறது. முனை கீழ் விளிம்பில் மூலையிலிருந்து ஒரு கைப்பிடி தள்ளி வெளியேறட்டும். வெட்டிச் சரிசெய்ய இடம் இல்லை, ஏனென்றால் இடது ஓரத்தில் ஏ.சி. வடிகுழாய் பாதி தெரிகிறது. அரை அடி வலப்பக்கம் நகர்ந்து நாளைக் காலை அதே 7.40-க்கு.

#20 நிழல்கணக்கு

7.40 வேண்டாம், 7.50. நிழல் அந்தப் பத்து நிமிடத்தில் மூலையை விட்டு நகர்ந்துவிடும். குழாய்க்கு மட்டும் நீங்கள் நகருங்கள்.